நிலோபர் தோளில் இருந்த கை

செத்துப்போன பெண் கம்ப்யூட்டர் திரையில் நின்று சிரித்தாள்.

பின்னால் ஐந்தருவி. தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. வலது தோளில் ஒரு கை. வளையல் போட்டு, மருதாணி வைத்த பெண் கை. அந்தக் கைக்கு உரிய ஆள் படத்தில் இல்லை. மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் படமே முடிந்திருந்தது.

"எம் மவ நிலோபர்," என்றார் மசூது பாய். "மார்ச் ஏழாந்தேதி மௌத்தாயிட்டா. இந்தப் படத்துக்குத் தேதி என்ன போட்டிருக்குன்னு பாருங்க அண்ணாச்சி."

மாரிச்செல்வி திரையைப் பார்த்து வாசித்தாள். "ஜூலை பதினாலு."

போன வாரத்துக்கு முந்தின வாரம்.

நான் சொரிமுத்து. புளியறை செக்போஸ்ட்டில் முப்பத்தோரு வருஷம் லாரிக்குச் சீட்டுப் பார்த்தவன். சீட்டில் வெங்காயம் என்று எழுதியிருந்தால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் விட்டதில்லை. ரிட்டையர் ஆன பிறகு இந்தத் துப்பு வேலை. யார் எது சொன்னாலும் நம்புவதில்லை. அழுதுகொண்டு சொன்னால் இன்னும் கொஞ்சம் குறைச்சலாக நம்புவேன்.

மாரிச்செல்விக்குத் தென்காசியில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ கடை. என் ஆபீசும் அதே கடையில்தான். நாற்பத்தைந்து வயது. வாய்க்குப் பூட்டு கிடையாது.

ஆனால் கார்டுக்குப் பூட்டுப் போடத் தெரிந்தவள். பாய் கொடுத்த மெமரி கார்டைச் சொருகும் முன்பு அதன் ஓரத்தில் இருந்த பொடிக் கட்டையை நகத்தால் கீழே தள்ளினாள். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்தாள். அதற்கப்புறம்தான் படத்தையே திறந்தாள்.

"அது என்னட்டி, சாமி கும்பிடுத மாதிரி?" என்று கேட்டேன்.

"இப்பம் இதுல நானே நெனச்சாலும் எதையும் அழிக்க முடியாது அண்ணாச்சி. மொதல்ல காப்பி, பொறவுதான் கண்ணு. நீங்க செக்போஸ்ட்ல மொதல்ல டீ, பொறவுதான் லாரின்னு இருந்தீங்கள்லா, அது மாதிரி."

மசூது பாய் சிரிக்கவில்லை. கடையநல்லூரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற மனுஷன். வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, கதையை நேராகச் சொன்னார்.

போன கார்த்திகையில் நிலோபருக்குக் கல்யாணம். மறு வாரம் வீட்டுப் பெண்களெல்லாம் சேர்ந்து குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். அடுத்த மாதம் அவள் புருஷனோடு சவூதியில் தம்மாம் போனாள். மார்ச்சில் எட்டு நாள் காய்ச்சல். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது.

"போன்ல சொன்னாங்க. பேப்பர் வந்துச்சு. மூஞ்சிய நாங்க பாக்கல," என்றார். "அவ போன் ஆஸ்பத்திரியில தொலஞ்சிட்டு. கல்யாணத்துல எடுத்த படம் மட்டுந்தான் மிச்சம். அதுவும் இப்ப இல்ல."

"ஏன் இல்ல? எடுத்தவன்கிட்ட இருக்குமே?"

"எடுத்தவன் இல்ல, எடுத்தவ. எங்க பக்கம் பொம்பளைங்க இருக்க எடத்துக்கு ஆம்பள கேமராக்காரன் வர முடியாது. பொம்பளதான் எடுப்பா. அருவிக்கும் அவளையே கூட்டிட்டுப் போனாங்க. எடுத்து முடிச்ச ஒடனே கார்டைக் கழத்தி வீட்டுக்காரி கையில குடுத்துருவா. அவகிட்ட ஒரு படம்கூட இருக்கக் கூடாது. அதுதான் பேச்சு. எல்லாருமே முக்காடு இல்லாம இருப்பாங்கள்லா. நானே அந்தப் படங்களைப் பாத்ததில்ல அண்ணாச்சி. அடுத்த வீட்டுப் பொண்டு புள்ளைக இருக்கும்."

மாரிச்செல்வி தலையில் கை வைத்தாள். "நகத்தளவு கார்டு, ஒரே கார்டு, ஒரே அலமாரி. அலமாரிக்கு ஒரு சலதோஷம் வந்தாலும் போச்சு."

"சலதோஷம் வரல. திருடன் வந்திருக்கான்," என்று பாய் ஒரு சின்ன நகைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஸ்டாம்பு சைஸில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கூடு. "கூட்ட விட்டுட்டுக் கார்ட மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். போன பதினாறாந்தேதி காலையில எங்க கேட்டுல ஒரு கவர் கட்டித் தொங்குது. தொறந்தா வேற ஒரு கார்டு. உள்ள இந்த ஒரே படம். அன்னையிலருந்து என் வீட்டுக்காரி வீட்ல இல்ல."

"எங்க இருக்காங்க?"

"அருவியில. மவ உயிரோட இருக்கா, படம் அனுப்பிக் கூப்புடுதாங்கா. விடிஞ்சதும் மொத பஸ்ஸப் புடிச்சு ஐந்தருவி போவுதா. குளிச்சுட்டு வார ஒவ்வொரு பொம்பள மூஞ்சியையும் பாக்குதா. சாப்பாடு கெடையாது. முந்தாநாள் படியிலயே மயங்கி விழுந்துட்டா." அவர் குரல் அதே மட்டத்தில் இருந்தது. ஆனால் வேட்டி மடிப்பைக் கசக்க ஆரம்பித்திருந்தார். "அவ செத்துட்டான்னு நான் சொன்னா, கொன்னது நான்தாங்கிற மாதிரி பாக்குதா. அந்தத் திருடனப் புடிச்சு அவ முன்னால நிறுத்துங்க. இல்லைன்னா இவளையும் நான் அடக்கணும்."

அவர் காரில் முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே ஆட்டோவில் குற்றாலம் கிளம்பினோம்.

இலஞ்சி விலக்கு தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. வெயிலும் அடித்தது. மலை பாதிக்கு மேல் இல்லை, மேகம் தின்றிருந்தது.

"செல்வி, அந்தத் தேதி பொய்," என்றேன்.

"எப்படி?"

"பதினாலாந்தேதி ஐந்தருவியில வெள்ளம். காலையிலருந்து ராத்திரி வரை குளிக்கத் தடை. நானே போயிட்டுத் திரும்பி வந்தேன். கயிறு கட்டிப் போலீஸ் நின்னுச்சு. இந்தப் புள்ள எங்கன நின்னு சிரிச்சா?"

"பேய்க்குத் தடை உண்டா அண்ணாச்சி?"

"பேய் மருதாணி வைக்காது. அந்தக் கையில நல்லா செவந்த மருதாணி. நிலோபர் கையிலயும் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பதம். இது கல்யாணம் முடிஞ்ச வாரத்துல எடுத்தது."

அவள்  போனில் ஏற்றியிருந்த படத்தை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் விரலால் அளந்தாள்.

"கேமராவுல எடுத்தா படம் இப்படி ஒல்லியா இருக்காது. யாரோ பக்கத்துல வெட்டியிருக்காங்க. வெட்டிப் புதுசா சேமிச்சிருக்காங்க. எடுத்த தேதி அதுல அழிஞ்சு போயிருக்கு. ஜூலை பதினாலுங்கறது எடுத்த தேதி இல்ல, வெட்டுன தேதி."

"அப்பம் அந்தக் கை?"

"பக்கத்துல நின்ன பொம்பளையோடது. ஆள வெட்டுனவங்களால கைய வெட்ட முடியல. வெட்டுனா நிலோபர் தோளும் போயிரும்."

நான் சீட்டில் சாய்ந்தேன்.  கை எப்படி வந்தது என்று தெரிந்த பிறகும் அது தோளில் இருந்த விதம் பிடிக்கவில்லை. போக விடாமல் பிடித்து வைத்த மாதிரி இருந்தது.

ஐந்தருவியில் சனிக்கிழமைக் கூட்டம். பெண்கள் பகுதிக்குப் போகிற படியில், ஓரமாக, பாயின் மனைவி ஹாஜரா பீவி உட்கார்ந்திருந்தாள். முக்காடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரப் பெண்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் அவள் தலை உயர்ந்தது, தாழ்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் அதே பழக்கம் வந்துவிடும் போலிருந்தது. நானும் இரண்டு முகங்களைப் பார்த்துவிட்டேன்.

மாரிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு டீயாவது குடிங்க."

"அவ வந்ததும் சேந்து குடிக்கேன்."

"படம் போட்டோக்காரம்மா அனுப்புனதா இருக்கும்லா?"

"அவ அனுப்ப முடியாது." சட்டென்று வந்தது பதில். "அவகிட்ட இல்ல. புள்ள மேல சத்தியம் பண்ணியிருக்கா."

"எப்பம் சத்தியம் பண்ணா?" என்று நான் கேட்டேன்.

ஹாஜரா பீவி என்னைப் பார்த்தாள். தலை திரும்பி, ஏறி வந்த ஒரு பெண்ணின் முகத்துக்குப் போய்விட்டது.

உடம்பு முழுக்க நனைந்திருந்தவளின் இடது கை மட்டும் முந்தானைக்குள் மூடி, அருவிப் பக்கம் படாமல் இருந்தது. விரல் இடுக்கில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. உள்ளே இருந்தது நகத்தளவு. கறுப்பு.

நான் மாரிச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"கறுப்பு மாத்திரை உண்டாட்டி?"

"கஷாய மாத்திரை உண்டு. ஏன்?"

"சதுரமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "கார்டு!" என்றாள்.

"திருடன் வந்தா பெட்டியோட தூக்கிட்டுப் போவான்," என்றேன். "கூட்டைக் கழத்தி வச்சுட்டுச் சின்ன கார்டை மட்டும் ஒருத்தி எடுக்கான்னா, எதுக்கு?"

"போன்ல போட," என்றாள். "கூட்டோட போன்ல போகாது."

"அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்கு வா. பக்கத்துல நின்ன பொம்பளைய வெட்டுனது எதுக்கு? பயங்காட்டுதவன் வெட்ட மாட்டான். அடுத்த வீட்டுப் பொம்பள மூஞ்சி வெளிய போகக் கூடாதுங்கற பேச்சைக் காப்பாத்துதவதான் வெட்டுவா."

"பேச்சைக் காப்பாத்துதவகிட்ட காப்பி எப்படி இருக்கும்?"

"அதத்தான் கேக்கப் போறோம். எடுத்தவ பேரு பாயிட்ட கேளு."

பெயர் இராமலட்சுமி. மேலகரத்தில் சின்ன வீடு, முன்னறையில் ஸ்டுடியோ. கடையநல்லூர்ப் பெண்களின் கல்யாணம் முழுக்க இவள் கேமராதான். முப்பத்தெட்டு வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் சேலையைச் சரி பண்ணிக்கொண்டு நாற்காலி போட்டாள்.

மாரிச்செல்வி என்னை முந்திக்கொண்டாள். "எங்க அண்ணாச்சி பேத்திக்குக் கல்யாணம். போன தடவ ஒருத்தன் எடுத்தான், எல்லாம் போச்சு. நீங்க எடுத்தா பத்திரமா இருக்குமா?"

எனக்குப் பேத்தி கிடையாது. மூஞ்சியைத் தாத்தா மாதிரி வைத்துக்கொண்டேன்.

இராமலட்சுமியின் முகம் தெளிந்தது. "எங்கிட்ட ஒரு படம் போகாதும்மா. கேமராவுல படம் ஏறுத லைட்டு மினுங்கும்போது கார்டைப் புடுங்க மாட்டேன். கார்டு நெறையற வரை எடுக்க மாட்டேன், பாதியில மாத்திருவேன். அன்னைக்கே ஒரு டிஸ்க்ல ஏத்துவேன். மறுநாள் இன்னொரு டிஸ்க். அது இங்க இருக்காது, ராயகிரியில எங்கக்கா வீட்ல இருக்கும். இந்த வீடு இடிஞ்சாலும் அங்க இருக்கும்லா. ரெண்டுலயும் தொறந்து பாத்து, எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் கார்டை அழிப்பேன்."

"எல்லாக் கல்யாணத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"கடையநல்லூர்க் கல்யாணத்துக்கும்?" என்றாள் மாரிச்செல்வி.

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இராமலட்சுமி போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"நீங்க யாரு?"

"மசூது பாய் அனுப்புன ஆளு," என்றேன். "நிலோபர் படத்தக் கேட்டுல கட்டுனது நீதானே?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அதனால் கொஞ்சம் நம்பினேன்.

"மூணு வருஷம் முந்தி, புளியங்குடியில ஒரு கல்யாணம். லைட்டு மினுங்கையில அவசரத்துல கார்டைப் புடுங்கிட்டேன். அத்தனையும் போச்சு. அடுத்த வாரம் பொண்ணோட வாப்பா நெஞ்சுவலியில போயிட்டாரு. பொண்ணு வந்து கேட்டா, எங்க வாப்பா படம் ஒண்ணு குடுங்கக்கான்னு. இல்லன்னு சொன்னேன். அன்னையிலருந்து யாரு என்ன பேச்சுப் பேசுனாலும், கார்டைக் கையில குடுக்கதுக்கு முந்தி காப்பி எடுக்காம இருந்ததில்ல. யாருக்கும் காட்டுனதும் இல்ல. பூட்டி வச்சிருக்கேன். வெளிய தெரிஞ்சா எந்த வீட்லயும் என்ன வாசப்படி ஏத்த மாட்டாங்க."

"பேரச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதான. செத்த புள்ள படத்தக் கேட்டுல கட்டித் தொங்கவிட்டு அந்தம்மாவுக்குப் பைத்தியம் புடிக்க வச்சிருக்க."

"தேதி மாறும்னு நான் நெனச்சுப் பாக்கல அண்ணாச்சி. ஒண்ணொண்ணா மத்தவங்கள வெட்டி எடுத்து அனுப்பிருவோம்னு இருந்தேன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பண்ண தப்பு அது இல்ல. அதுக்கு முந்தி ஒண்ணு பண்ணேன். ஹாஜராக்கா இங்க வந்தாங்க."

"எப்பம்?"

"ஏப்ரல்ல. பாய்க்குத் தெரியாம. தம்மாம்லருந்து சேதி வந்த அன்னைக்கு, மவ மூஞ்சியப் பாக்கணும்னு கார்டை எடுத்துப் போன்ல போட்டிருக்காங்க. போன் இங்கிலீஷ்ல என்னமோ கேட்டிருக்கு. படத்தக் காட்டவான்னுதான் கேக்குதுன்னு நெனச்சு, பெருசா இருந்த பட்டன அமுக்கிட்டாங்க. அது அழிக்கவான்னு கேட்டிருக்கு."

மாரிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தத் தரையில உக்காந்து என் காலப் புடிச்சாங்க. காப்பி இருக்கான்னு கேட்டாங்க. என் புள்ள மேல சத்தியமா இல்லன்னு சொன்னேன். பயம். போகும்போது ஒரு வார்த்த சொன்னாங்க. ‘அங்க ஒரு தடவ செத்தா, இங்க நான் ஒரு தடவ கொன்னுட்டேன்.’ அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. அழித்தவளுக்கு அழிந்தது தெரியும். எடுத்தவளிடம் இல்லை என்று சத்தியமும் வாங்கிவிட்டாள். அப்புறம் ஒரு படம் வருகிறதென்றால், அனுப்புவதற்கு அவள் கணக்கில் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். பாய் தேடச் சொன்ன திருடன் தினமும் அவர் வீட்டிலிருந்து முதல் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு," என்றேன். "டிஸ்க்கையும் லேப்டாப்பையும் எடு. நீயே வந்து சொல்லு."

"பாய்கிட்டயா?"

"அந்தம்மாகிட்ட. பாய்கிட்ட அந்தம்மா சொல்லட்டும், சொல்லாமப் போகட்டும். அது எங்க வேல இல்ல."

ஐந்தருவியில் சாரல் கனத்திருந்தது. இராமலட்சுமி படியில் இறங்கிப் போய் ஹாஜரா பீவி முன்னால் நின்றாள். அருவிச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஹாஜரா பீவியின் தலை மட்டும் ஏறி இறங்குவதை நிறுத்தியது. இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவள் பார்க்கவில்லை.

கிட்டத்தில் போனேன்.

"அப்பம் அவ இங்க வரல," என்றாள் ஹாஜரா பீவி.

"வரலக்கா."

"வரவும் மாட்டா."

 "மாட்டா தாயி," என்று நான்தான் சொன்னேன். யாராவது ஒருத்தர் சொல்லியாக வேண்டும்.

அவள் கையில் இருந்த கவரை மாரிச்செல்வி மெதுவாக வாங்கினாள். "இதுல வேற எதும் ஏத்தாம வச்சிருக்கீங்கள்லா, அது நல்லது. இதுல அழிஞ்சதத் தோண்டி எடுக்கவும் வழி இருக்கு. இப்பம் அது வேண்டாம். மொத்தமும் இந்த டிஸ்க்ல இருக்கு. நானூத்திப் பன்னெண்டு படம்."

"இங்கனயே காட்டு."

"சாரல்ல லேப்டாப்பத் தொறந்தா அதுவும் மௌத்தாயிரும்க்கா. கார்ல உக்காருவோம்."

மசூது பாயின் கார் மரத்தடியில் நின்றது. மூன்று பெண்களும் உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றினார்கள். மேலே இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டார்கள். பாய் எதுவும் கேட்கவில்லை. காருக்கு முதுகைக் காட்டி, மழையைப் பார்த்து நின்றார். உள்ளே, திரையில், அடுத்த வீட்டுப் பெண்கள் முக்காடு இல்லாமல் இருக்கிறார்கள். எனக்கும் அந்த மரியாதை தெரியும். நானும் திரும்பி நின்றேன்.

ரொம்ப நேரம் பட்டன் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஹாஜரா பீவியின் குரல். "இதுல அவ நெத்தியச் சுருக்குதா. செருப்பு கடிச்சுதுன்னா." திரும்பவும் பட்டன். "இதுல சாப்புடுதா. மெள்ளச் சாப்புடுட்டி."

பாயின் தோள் அசைந்தது. திரும்பவில்லை.

"இராமலட்சுமி, எங்க தெருவுல யாருகிட்டயும் இதச் சொல்லாத," என்றது குரல். "சொன்னா ஒன்ன யாரும் கூப்புட மாட்டாங்க. வேற எவளாவது வருவா. அவ காப்பி வைக்க மாட்டா."

பட்டன் சத்தம் நின்றது. கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்குவது காதில் விழுந்தது.

"ஏங்க. திருடன் யாரும் வரல. அந்தக் கார்டை அழிச்சது நான்தான்."

சாரல் இலையிலிருந்து கார் மேல் கொட்டியது. பாய் அப்படியே நின்றார். கேட்டாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா," என்றார் மலையைப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்லா."

உள்ளே மறுபடி பட்டன் சத்தம். பிறகு, "திரும்புங்க," என்றாள். "இதுல வேற யாரும் இல்ல. அவ ஒருத்திதான் இருக்கா."

மசூது பாய் உடனே திரும்பவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தார். வேட்டியை உதறி நேராக்கினார். மூஞ்சியைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு முதல் தடவை போகிற தகப்பன் வாசலில் நின்று இப்படித்தான் செய்வான்.

அப்புறம் திரும்பினார்.